எவர் வீட்டுப் பஞ்சமும் தனிப் பஞ்சமல்ல

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலிலிருந்து இதை அறிவிக்கிறோம். நெசவாலும் கூலி வேலையாலும் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாங்கள். தனித்தனியாகத் தாக்குப்பிடிக்கும் காலம் முடிந்தது. சேர்ந்து வாழும் காலம் பிறந்துவிட்டது.

கடனே கதி என்ற பழைய ஒழுங்கு தோற்றுவிட்டது. முன்பணம் தறியைக் கட்டிப்போட்டது. தவணை வீட்டைக் கட்டிப்போட்டது. ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிறது, பாவு ஈரம் கோத்து இழை அறுகிறது, நாடா நின்றுபோகிறது. கூலி இல்லாத அந்த வாரங்களிலும் வட்டிக்கு ஓய்வில்லை. முதலில் பித்தளை அண்டா அடகுக்குப் போகிறது, அடுத்து மனைவியின் கம்மல். இந்த ஒழுங்கோடு வாதாட எங்களுக்கு நேரமில்லை.

எங்கள் வேதம் இதற்கு என்றோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏழையின் போர்வையை அடகு வாங்கியவன் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும். கூலிக்காரனின் கூலி விடியும்வரை கையில் தங்கக் கூடாது. இவை மோசேயின் சட்டங்கள். எருசலேமின் அலங்கம் பாதி எழுந்திருந்தபோது நெகேமியா அடகுபோன வயல்களை உரியவர்களுக்கு மீட்டுக் கொடுக்கச் செய்தான். அலங்கம் அதன் பிறகே முடிந்தது. அப்போஸ்தலன் பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். விசுவாசம் வேறு, அடுப்பு வேறு என்ற பிரிவினையை நாங்கள் ஏற்கவில்லை.

இந்த மண்ணும் எங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது. இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை நடந்ததை 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திரன் கல்வெட்டு பேசுகிறது. சமயம் வேறானாலும் அந்த அறத்தை எங்கள் முன்னோர் சொத்தாகவே கொள்கிறோம்; ஏழை வீட்டுக்குக் கடன் நுழையும் முதல் வாசல் இன்றும் நோய்தான். அந்தக் கடனுக்கு மாற்றும் இந்த வட்டாரத்திலேயே முளைத்தது: 1904 அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்தில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு விவசாய வங்கிகள் பற்றி அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் சென்னை அரசுக்கு அளித்த அறிக்கை முன்மாதிரியாகக் காட்டியவர் ஜெர்மனியின் ரைஃபைசன். 1846-47 பஞ்சக் குளிரில் ஊரைக் கூட்டி, அடுப்புக் கட்டி, ஏழைகளுக்கு ரொட்டியைக் கடனாகக் கொடுத்த கிறிஸ்தவர் அவர். அவர் தொடங்கியது அனுதாபத்தில் அல்ல, அமைப்பில்.

எங்கள் அமைப்பு பிடி அரிசியில் தொடங்குகிறது. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவது நம் பாட்டிமார் காத்த காணிக்கை. அந்தப் பானை இனி ஆலயத்திலிருந்து நேரே, தறி நின்ற வீட்டுக்குப் போகும். அதனோடு ஒரு பொது நிதி: வட்டி இல்லை, ஈடு இல்லை. கணக்கு சபை நடுவே உரக்க வாசிக்கப்படும். வாங்கியவர் பெயர் வாசிக்கப்படாது. உதவி உரிமை, அவமானம் அதன் விலையல்ல.

செல்வமே ஆசீர்வாதத்தின் அளவுகோல் என்னும் பிரசங்கத்தை மறுக்கிறோம். கூலி கிடைக்காதவனுக்குப் பொறுமையை மட்டும் போதிக்கும் பிரசங்கத்தையும் மறுக்கிறோம். அது முன்னதைவிடக் கொடியது. கடன் வாங்கிக் கட்டும் கல்யாணப் பந்தலை மறுக்கிறோம். பள்ளிப் பிள்ளையைத் தறியில் உட்கார்த்தும் எந்த அவசரத்தையும் மறுக்கிறோம்.

நல்வாழ்வு என்பது வருமானத்தின் உயரமல்ல, அச்சத்தின் இல்லாமை. ஞாயிற்றுக்கிழமை தறி ஓய்ந்திருக்கும், மனமும் ஓய்ந்திருக்கும். அசன விருந்தில் முதலாளியும் கூலியாளும் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

ஆயர்களே, நெசவாளத் தோழர்களே, குடும்பத்தைச் சுமக்கும் தாய்மாரே! வருகிற ஐப்பசிக்குள் உங்கள் சபையில் ஓர் அரிசிப் பானையை வையுங்கள். அதன் பக்கத்திலேயே கணக்கேட்டையும் திறந்து வையுங்கள்.