ஐந்து நட்சத்திரப் பொய்

பிறரைக் குறைகூறுமுன் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். திருவந்திபுரம், கடலூர், சிதம்பரம் என்று மூன்று ஊர்களில் வசிக்கும் நாங்கள் நால்வர், இணையச் சந்தைகளில் பழைய புத்தகங்களை வாங்குவதும், எங்களிடம் இரட்டித்துப்போன பிரதிகளை விற்பதுமாகச் சில ஆண்டுகள் கழித்திருக்கிறோம். ஒருமுறை, 1950களில் வெளிவந்த சிறுகதைத் தொகுப்பொன்றின் முதற்பதிப்பு என்ற அறிவிப்பை நம்பிப் பணம் செலுத்தினோம். வந்ததோ ஒளிநகல் கட்டு. சினம் தாளாமல் ஒரே ஒரு நட்சத்திரம் இட்டோம். மறுநாள் முதல் தொலைபேசி அழைப்புகள். "ஐயா, ஒரு நட்சத்திரம் விழுந்தால் என் கடையையே கண்ணில் படாமல் பின்னால் தள்ளிவிடுவார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன், தயவுசெய்து மாற்றிவிடுங்கள்" என்று ஒரு குரல் மன்றாடியது. பணம் திரும்பி வந்தது. நாங்களும் மனம் இளகி ஒன்றை ஐந்தாக்கினோம்.

இரண்டு மாதம் கழித்து, அண்ணாமலைநகரில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் அதே விற்பனையாளரிடம் அதே கட்டை வாங்கி எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். நடுவில் எட்டுப் பக்கங்களைக் காணோம். "நீங்கள் ஐந்து போட்டிருந்தீர்களே சார், அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றார். பதில் சொல்ல எங்களுக்கு வாயில்லை.

இது எங்கள் மனத்தளர்ச்சி மட்டுமே என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பொய் சொல்வது எளிதாகவும் உண்மை சொல்வது கடினமாகவும் இருக்கும்படியாகவே இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது என்பதுதான் எங்கள் வழக்கு.

1995இல் பியர் ஒமிட்யார் தொடங்கி, பின்னாளில் ஈபே என்று பெயர்பெற்ற ஏலச் சந்தை, 1996இல் பின்னூட்ட முறையைக் கொண்டுவந்தது. முகமறியாத இருவர் ஒருவரையொருவர் நம்புவதற்கு ஒரு வழி வேண்டுமல்லவா? வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் நாலு பேர் அறியச் சொல்லலாம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் என்ன நடந்தது? அந்தச் சந்தையின் 1999ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்னும் இரு அறிஞர்கள், வாங்கியோரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே பின்னூட்டம் இட்டனர் என்றும், இடப்பட்டவற்றில் நூற்றுக்கு 99க்கும் மேல் பாராட்டுகளே என்றும் கண்டனர்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் மனநிறைவோடு வீடு திரும்பும் சந்தை உலகில் எங்கேனும் உண்டா? திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கித் திரும்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். குறைசொன்னால் எதிராளியும் பதிலுக்குக் குறைசொல்லுவான் என்ற அச்சமே அங்கே பலரைப் புகழவும் வாய்மூடவும் வைத்தது. இதை ஈபேயும் உணர்ந்தது. 2008இல், விற்பவர் வாங்குபவருக்குக் குறைகூறும் பின்னூட்டம் இட இயலாதபடி விதியை மாற்றியது. பழிவாங்கல் நின்றது, ஆனால் அச்சம் போகவில்லை, முழுவதும் விற்பவரின் தோளுக்கு மாறிற்று. அச்சமுற்றவர் கெஞ்சத் தொடங்கினார். எங்களுக்கு வந்த தொலைபேசி அழைப்பின் பூர்வ கதை இதுதான்.

நம் நாட்டில் 2000இல் தொடங்கிய பாஸி நிறுவனத்தை 2004இல் ஈபே வாங்கியது. அதன் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் பழக்கிவிட்ட முறை மட்டும் நட்சத்திரங்களாக நம்மிடம் தங்கிவிட்டது.

விற்பவராக நாங்கள் பட்டதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, கடலூர் வட்டாரம் வெள்ளத்தில் தத்தளித்த நாட்களில் எங்கள் பொதியொன்று வழியில் சிக்கி ஒரு வாரம் தாமதித்தது. வாங்கியவர் எழுதினார்: "புத்தகம் மிக நல்ல நிலையில் இருக்கிறது. தாமதம்." இட்டது ஒரு நட்சத்திரம்! புத்தகத்துக்கா, புயலுக்கா, கூரியர்காரருக்கா? அதைப் பிரித்துச் சொல்ல அங்கே இடமில்லை. மறுமொழி எழுத எங்களுக்கும் இடமில்லை. வெள்ளம் வடிந்துவிட்டது, அந்த ஒற்றை நட்சத்திரம் இன்னும் வடியவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரே நுகர்வோர்போல் வேடமிட்டு மதிப்புரை எழுதுவதைத் தடைசெய்கின்றன. 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை இதற்கென்றே வெளியிட்டது. விலைக்கு வாங்கப்பட்ட மதிப்புரைகளை வெளியிடலாகாது என்று அது கூறியது. ஆனால் கட்டாயமற்ற தரநிலையாகவே அது வந்தது. இருக்கட்டும். இவையெல்லாம் பொய்யான நுகர்வோரைப் பிடிக்க வந்த வலைகள். நாங்களோ மெய்யான நுகர்வோர், மெய்யாகவே வாங்கினோம், பொய்யாக மதிப்பிட்டோம். எந்த வலையில் எங்களைப் பிடிப்பீர்கள்?

நட்சத்திரங்கள் இல்லாவிட்டால் திருவந்திபுரத்திலிருந்து ஒருவர் தில்லிக்குப் புத்தகம் விற்பதெப்படி என்பார்கள். நியாயமான கேள்வி. 1985இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் புத்தகத்தைக் கையிலெடுத்துப் புரட்டி, பக்கங்களை எண்ணி, பூச்சி அரித்த இடத்தைக் காட்டி விலைபேச முடிந்தது. இணையத்தில் அது முடியாது. ஆகவே யாரோ ஒருவர் நமக்காகப் புரட்டிப் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும். சொல்ல வேண்டும் என்பதே எங்கள் கட்சியும். நட்சத்திரம் எதையும் சொல்வதில்லை.

முகூர்த்த நாளில் திருவந்திபுரத்துக்கு வந்து பாருங்கள். தேவநாதப் பெருமாள் கோயிலைச் சுற்றித் திருமணங்கள் அடுத்தடுத்து நடந்துகொண்டிருக்கும். அங்கே பார்க்கப்படுவது மணமக்களின் நட்சத்திரம் மட்டுமே. சமையற்காரருக்கு நட்சத்திரம் கிடையாது. அவரைப் பற்றி விசாரித்தால், "சாம்பாருக்குக் குறைசொல்ல முடியாது. பாயசத்தில் கொஞ்சம் கைச்சுருக்கம். முன்பணம் கொடுத்துவிட்டால் விடியுமுன் வந்துவிடுவார்" என்று பதில் வரும். சொன்னவர் யாரென்று நமக்குத் தெரியும். அவருக்கும் சமையற்காரருக்கும் மனத்தாங்கல் உண்டா என்பதும் தெரியும். இந்த மூன்று வாக்கியங்களை ஐந்து நட்சத்திர அளவுகோலில் எப்படி எழுதுவது? நான்கா, மூன்றரையா? நான்கு என்றால் 'நன்று' என்றுதானே பொருள்? இணையச் சந்தையில் அது தண்டனை. ஐந்துக்குக் குறைந்த எதுவும் வசவாகிவிட்ட பிறகு, ஐந்தும் பாராட்டாக இருப்பதற்கில்லை.

இலக்கியச் சிற்றிதழ்களில் வளர்ந்த நமக்கு இது புரியாததன்று. மதிப்பெண் வேறு, மதிப்புரை வேறு. மதிப்புரைக்குக் கீழே கையொப்பம் இருக்கும், காரணம் இருக்கும், அடுத்த இதழில் நூலாசிரியரின் எதிர்வினைக்கும் பக்கம் இருக்கும். நம்மிடையே பரஸ்பர முதுகுசொறிதல் இல்லையென்று யாரும் சாதிக்கப் போவதில்லை. ஆனால் சிற்றிதழில் ஒருவர் முதுகு சொறிந்தால் சொறிந்த கை யாருடையது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். இணையச் சந்தையில் பெருக்கிக் கூட்டி வகுத்த சராசரிக்குள் கைகள் அனைத்தும் மறைந்துவிடுகின்றன.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் சிலவே. பொருளுக்கும், அதைக் கொண்டுசேர்த்தவருக்கும் தனித்தனி மதிப்பீடு வேண்டும். விற்றவருக்கு அதே பக்கத்தில் மறுமொழி உரிமை வேண்டும். மாற்றப்பட்ட மதிப்பீடு எனில், முதலில் இட்டதும் அருகில் தெரிய வேண்டும். காரணம் எழுதாத நட்சத்திரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இவற்றுள் எதுவும் தொழில்நுட்பத்துக்கு எட்டாததன்று. சந்தைக்காரர்களுக்கு மனமிருந்தால் போதும்.

அவர்களுக்கு மனம் வரும்வரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு, அதைச் செய்தும்விட்டோம். அந்த ஐந்தை அழித்துவிட்டு, "முதற்பதிப்பு என்றார்கள், வந்தது ஒளிநகல். கேட்டதும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். எட்டுப் பக்கங்கள் இல்லாத பிரதியும் விற்கப்பட்டிருக்கிறது" என்று எழுதினோம். அந்தப் பக்கம் நட்சத்திரமின்றி எதையும் ஏற்பதில்லை என்பதால் இரண்டு இட்டோம். மாணவருக்கு அவர் இழந்த தொகையை நாங்கள் நால்வரும் பகிர்ந்து கொடுத்தோம். அந்தக் குரல் மறுபடியும் அழைக்கும் என்று தெரியும். அவரிடம் கடுமையாகப் பேசப்போவதில்லை, இம்முறை மாற்றப்போவதுமில்லை.