சட்டைக்குள் இருப்பது காவலா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில், சட்டத் தடையில்லாத எவரும் உரிமமின்றியே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைவீதிக்குச் செல்லலாம். தக்க காரணம் காட்டுவோருக்கே உரிமம் என நியூயார்க் மாநிலம் நெடுங்காலம் போற்றிவந்த நெறியையும், 2022 ஜூன் 23 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையால் அகற்றிவிட்டது. தற்காப்பு மனிதனின் உரிமை என்கின்றனர் ஆதரிப்போர். அதனை நாம் மறுக்கவில்லை. மறைத்து வைத்த துப்பாக்கி அவ்வுரிமையைக் காக்கின்றதா என்பதே நம் வினா.

துப்பாக்கியை உருவும் செயலைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு கை சட்டையின் விளிம்பைப் பற்றி மார்புவரை உயர்த்த வேண்டும். மறு கை பிடியைப் பற்றி, உறையினின்று உருவி, எதிரியை நோக்கித் திருப்ப வேண்டும். விரல் முன்னதாகவே விசையில் பட்டால், குண்டு தன் தொடையிலேயே பாயும். துணி சிக்கினாலோ எல்லாம் வீண். கத்தியோடு பாய்பவன் 21 அடித் தொலைவை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்று, சால்ட் லேக் நகரக் காவலர் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதினார். பயிற்சி பெற்ற காவலர், மறைவில்லாத உறையிலிருந்து உருவிச் சுடுவதற்கே அவ்வளவு நேரம் ஆகும். சட்டையையும் விலக்க வேண்டிய சாமானியரின் நிலை என்ன?

முந்திக்கொள்ள வேண்டுமாயின், ஆபத்து உறுதியாகுமுன்பே அவர் சுடத் தீர்மானிக்க வேண்டும். அப்போது தீர்ப்பு வழங்குவது அறிவன்று, அச்சமே. அந்த அச்சம் அவரோடு நிற்பதுமில்லை. எவர் சட்டைக்குள்ளும் துப்பாக்கி இருக்கலாம் என்றானபின், இடுப்பை நோக்கி நகரும் ஒவ்வொரு கையும் ஐயத்துக்குரியதாகிறது. 2016-இல் மினசோட்டாவில், உரிமம் பெற்ற கறுப்பின இளைஞர் ஒருவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காரை நிறுத்திய காவலரிடம் தாமே தெரிவித்தார். அதை எடுக்கிறார் என அஞ்சிய காவலர் அவரைச் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு அக்காவலர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். உரிமமும் நேர்மையும் அவ்விளைஞரைக் காத்தனவா?

எதிரிக்குத் தெரியாமல் மறைத்தது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலக் கடையொன்றில், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கி இரண்டு வயது மகனின் கைக்குச் சிக்கியது. அது வெடித்துத் தாய் மாண்டாள்.

“காவலர் வருமுன் உயிர் போய்விடுமே, தனித்து வாழும் பெண் என் செய்வாள்?” எனக் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான், துப்பாக்கியால் உயிர் தப்பியோரும் உண்டு. ஆயினும் எப்போதும் கைக்கெட்டும் ஆயுதம், மனமுடைந்த வேளையிலும் கைக்கெட்டும் அன்றோ? 2021-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள்.

தீர்ப்புக்குப்பின் நியூயார்க், உரிமம் கோருவோருக்கு 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயமாக்கியது. அதுவும் பறிக்கப்படும் உரிமை என்போரைக் கேட்கிறோம்: கார் ஓட்டத் தேர்வும் உரிமமும் வேண்டுமென ஏற்கும் நீங்கள், உயிரெடுக்க எதுவும் வேண்டாமென்பது எந்த நியாயம்? உங்கள் அச்சத்துக்கு உரிமை உண்டெனில், உங்கள் எதிரே வரும் குற்றமற்றவனின் உயிருக்கு உரிமை இல்லையா?