பிறவிக் குறைக்கு மருந்தில்லை என்னும் பேச்சு

அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி என்று விரியும் மானாவாரிச் சீமையில் ஒரு குழந்தை கழுத்து நிற்காமலோ, பேச்சு வராமலோ, வலிப்புக் கண்டோ வளருமானால், குலசாமிக் குறை, கிரகணத்தன்று தாய் வெளியே வந்தது, சொந்தத்தில் கட்டியது என்று ஊரார் சொல்லும் காரணங்கள் பலவாயினும், அவை சென்று முடியும் இடம் ஒன்றே: பிறவிக் குறைக்கு மருந்தில்லை. கிரகணக் கதையைக் கேட்டுச் சிரிக்கும் படித்தவர்களும் இந்த முடிவுக்கு மட்டும் தலையாட்டிவிடுவதால், மற்ற எல்லா மூடநம்பிக்கைகளையும்விட இதுவே அதிகக் கேடு செய்கிறது.

உண்ட உணவை உடல் படிப்படியாக உடைத்து வேண்டிய பொருளாக மாற்றும் வினை வளர்சிதை மாற்றம் எனப்படும். அதன் ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்துகிறது. மரபணுப் பிழையால் ஒரு நொதி குறைந்தால் அந்தப் படியில் பொருள் தேங்கி, இரத்தத்தில் மிகுந்து, வளரும் மூளையைத் தாக்கும். லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரோட் 1908-இல் ஆற்றிய உரைகளில் இத்தகைய கோளாறுகளுக்குப் பிறவி வளர்சிதைப் பிழைகள் என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரிலுள்ள ‘பிறவி’ என்னும் சொல்லே பலரையும் ஏமாற்றுகிறது. ஃபீனைல்கீட்டோன்யூரியா என்னும் நோயில் பிறக்கும்போது இருப்பது நொதிக் குறை மட்டுமே. மூளைச் சேதமோ பிறந்த பிறகு, ஒவ்வொரு வேளைப் பாலோடும் சிறுகச் சிறுகச் சேர்வது. கருவில் இருக்கும்வரை மிகுதிப் பொருளைத் தாயின் உடலே வாங்கிச் செரித்துவிடுகிறது. குற்றவாளி என்று ஊர் கை காட்டும் அந்தத் தாய்தான் பத்து மாதம் பிள்ளையின் மூளையைக் காத்தவள்.

1934-இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங், மனவளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளின் சிறுநீரில் இரும்புக் குளோரைடு பச்சை நிறம் காட்டியதைத் துருவிச் சென்று இந்நோயைக் கண்டறிந்தார். ஃபீனைலலனின் என்னும் அமினோ அமிலத்தைக் குறைத்த உணவு குழந்தையின் நிலையை மாற்றும் என்று ஹார்ஸ்ட் பிக்கெல் 1953-இல் காட்டினார். அமெரிக்கரான ராபர்ட் கத்ரி, குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை 1960-களின் தொடக்கத்தில் வகுத்தார்.

இவை வெள்ளைக்காரர் நாட்டு நோய்கள் என்போர் உண்டு. 1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அப்பாஜி ராவும் மருத்துவர் ராதா ரமா தேவியும் உள்ளிட்ட குழுவினர் கர்நாடகத்தில் ஏறத்தாழ 1 லட்சம் பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து இந்நோய்கள் இங்கும் உள்ளதைக் காட்டினர். பின்னர் ஐதராபாத்தின் நான்கு அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் 18,300 குழந்தைகளை ஆராய்ந்த ராதா ரமா தேவியின் குழு, ஏறக்குறைய 1,000 பேரில் ஒருவருக்கு மருந்துக்கோ உணவுமுறைக்கோ கட்டுப்படக்கூடிய பிறவிப் பிழை இருப்பதாக 2004-இல் எழுதியது.

இவற்றுக்கு அருகே வைத்துப் பேச வேண்டியது பிறவித் தைராய்டு குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பல மைய ஆய்வில் 1,130 குழந்தைகளுக்கு ஒன்று என்றும், தென்னிந்தியரிடையே 727-க்கு ஒன்று என்றும் இது காணப்பட்டது. இக்குறை உள்ள குழந்தை அதிகம் அழாது, நெடுநேரம் உறங்கும், மலங்கழிப்பது குறையும், பிறந்தபோது கண்ட மஞ்சள் வாரக்கணக்கில் மறையாது. அழாத பிள்ளையைச் ‘சமத்துப் பிள்ளை’ என்று வீடே கொண்டாடிக்கொண்டிருக்கையில் மூளை வளரும் நாள்கள் கழிந்துவிடுகின்றன. பிறந்த இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் அக்குழந்தை மற்றப் பிள்ளைகளைப்போலவே படித்து வளரும். ஓராண்டு கழித்துக் கொடுத்தால் இழந்த அறிவு திரும்பாது.

சொந்தத் திருமணத்தைச் சுட்டும் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. தாயும் தந்தையும் ஒரே பழுதுபட்ட மரபணுவைச் சுமந்தால்தான் நொதிப் பிழைகளில் பெரும்பாலானவை பிள்ளையிடம் வெளிப்படும். அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணப்பதில் அதற்கு வாய்ப்பு மிகுதி. ஆயினும் சுமப்பவர் இருவர், பழி மட்டும் ஒருத்திக்கு என்பது எந்த நியாயத்திலும் சேராது. மேலும் தைராய்டு குறைவு பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று.

மருந்தில்லாத பிறவி நோய்களும் பல உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எது தீரும், எது தீராது என்று சோதித்துப் பாராமல் எல்லாவற்றையும் விதியின் கணக்கில் எழுதுவது, கண்மாய் வண்டலை அள்ளிக் கொட்டிக் களர்நிலத்தையும் திருத்தும் சம்சாரி வாழும் ஊருக்கு ஒவ்வாத சோம்பல். இந்தச் சோம்பல் ஆள்வோருக்கும் வசதியாக இருக்கிறது. அண்டைக் கேரளம் அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையைச் செய்யும்போது, நாடு முழுமைக்கும் இதைக் கட்டாயமாக்கும் திட்டம் இன்னும் இல்லை. மருந்தே இல்லை என்று நம்பும் ஊர் சோதனையைக் கேட்டு மனு எழுதப்போவதும் இல்லை. தொலைவைக் காரணம் காட்டவும் வழியில்லை; கத்ரியின் வடிதாளில் உலர்ந்த இரத்தம் பரளச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு தபால் உறைக்குள் போய்ச் சேரும்.