தாய் உண்ணும் உப்பு

பிள்ளை பெற்ற வீட்டில் பெரியோர்களின் கவனமெல்லாம் சிசுவின்மேல் செல்வது இயல்பே. எண்ணெய் தேய்த்து நீராட்டுவதும், வசம்பு கட்டுவதும், திருஷ்டி கழிப்பதும் ஒன்றும் குறைவின்றி நடைபெறுகின்றன. தாய்க்கோ பத்தியம் என்ற பெயரால் இதை விலக்கு, அதை விலக்கு என்று கட்டளைகள் பிறக்கின்றன. அவற்றுள் அனுபவத்தில் விளைந்தவையும் உண்டு; எல்லாவற்றையும் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆயினும், சிசுவின் போஷணை தாயின் இலையில் தொடங்குகிறது என்ற உண்மை அந்தச் சந்தடியில் மறக்கப்படலாகாது. இவ்வாரம் அவ்விலையில் சேரும் உப்பைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

உப்பின் உவர்ப்பைப் பற்றியதன்று நமது பேச்சு. அதனோடு கலக்கப்படும் அயோடின் என்னும் சத்தைப் பற்றியது. கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு சுரப்பி இந்த அயோடினைக் கொண்டே தன் ரசத்தை உண்டாக்குகிறது. சிசுவின் மூளையும் உடலும் ஒழுங்காக வளர அந்த ரசம் இன்றியமையாதது. தேவைப்படும் அளவோ மிகச் சொற்பம். ஒரு மனிதரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டிகூட ஆகாது. ஆனால் அச்சொற்பம் தொடர்ந்து கிடைத்து வரவேண்டும். வயது வந்தவர்களின் சுரப்பியில் கணிசமான சேமிப்பு இருப்பதால் சில காலம் தாக்குப் பிடிக்கலாம். பச்சிளஞ் சிசுவின் சேமிப்போ விரைவில் தீர்ந்துவிடக் கூடியது. தாய்ப்பால் ஒன்றையே பருகும் மாதங்களில் அதற்கு வேறு வழி ஏது?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். பாலூட்டும் தாய்க்கு 250 மைக்ரோகிராம் வேண்டும், சிசுவுக்கு 90. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இயற்கையின் கருணையை இங்கே காண்கிறோம். தாயின் மார்பகம் அவளுடைய இரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துப் பாலில் சேர்க்கும் சக்தி வாய்ந்தது. ஆனால் அகப்பையில் வருவது சட்டியில் உள்ளதுதானே! தாயின் ஆகாரத்தில் குறைவு நீடித்தால் பாலிலும் குறைவு ஏற்படும். புகைக்கும் பழக்கம் இருப்பின், அப்புகையில் உண்டாகும் ஒரு பொருள் அயோடின் பாலில் சேர்வதையே தடுத்துவிடுகிறது.

அப்படியானால் சிசுவுக்கே நேராக அயோடினைக் கொடுத்துவிடலாகாதா என்று சிலர் கேட்கலாம். மொராக்கோ தேசத்தில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2014-ம் வருஷம் வெளியாயின. ஒரு சாராரில் தாய்க்கும், மற்றொரு சாராரில் சிசுவுக்கும் அயோடின் அளித்தனர். தாய்க்கு அளித்து, அவள் பால் வழியாகச் சிசுவுக்குச் சேர்ந்ததே அதிகப் பலன் தந்தது. தாயைப் போஷித்தால் சிசுவைப் போஷித்ததாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

நமது தேசத்தில் இந்த விஷயம் புதியதன்று. 1956-ம் வருஷம் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். அயோடின் கலந்த உப்பு வழங்கப்பட்ட பகுதிகளில் கழுத்துக் கழலை நோய் சில வருஷங்களில் வெகுவாகக் குறைந்தது. 1962-ம் வருஷம் சர்க்கார் தேசிய அளவில் கழலைத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தனர்.

மலை நாட்டார் கவலை நமக்கெதற்கு, நாம் கடலோரத்தில் உப்பு விளைவிப்பவர்களாயிற்றே என்று தமிழர் எண்ணலாம். அங்கேதான் தவறு. கடல் நீரிலிருந்து விளையும் உப்பில் அயோடின் தானாகத் தங்குவது மிக அற்பம். அதைப் பின்னர் சேர்த்தே ஆகவேண்டும். 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பை உபயோகிக்கும் இல்லங்கள் தேச முழுவதும் நூற்றுக்கு 76 என்று கண்டார்கள். தமிழ்நாட்டிலோ 62 தான். மாகாணங்களுள் கடைசி ஸ்தானம். உப்பு விளையும் நாட்டுக்கு இது பெருமையாகுமா?

இல்லங்களில் செய்யத்தக்கது என்ன? அயோடின் கலந்தது என்று உறையில் அச்சிட்ட உப்பையே வாங்க வேண்டும். மூட்டையில் அளந்து விற்கும் கல்லுப்பும், இப்பொழுது நாகரிகமாகிவரும் இந்துப்பும் பெரும்பாலும் அயோடின் சேராதவை. அயோடின் சேர்த்த கல்லுப்பைக் கழுவினால் மேலே படிந்த சத்து நீரோடு போய்விடும். உப்பை மூடியுள்ள பீங்கான் ஜாடியில், ஈரமும் அடுப்பின் அனலும் படாமல் வைப்பது நலம்.

அதற்காகத் தாயை அதிக உப்பு உண்ணச் சொல்லவில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படாதிருப்பதே நன்று. வீட்டை அடையும் உப்பில் சட்டம் விதித்த குறைந்த அளவு ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம். ஐந்து கிராமுக்கு 75 தான் ஆகிறது. எஞ்சியது பாலிலும் தயிரிலும், புசிப்பவர்களாயின் முட்டையிலும் கடல் மீனிலும் கிடைக்க வேண்டும். பத்தியத்தின் பெயரால் இவை யாவற்றையும் விலக்கினால் தாய்க்கு மிஞ்சுவது என்ன? உப்பைக் குறைக்க வேண்டிய நோயுள்ளவர்களும், தைராய்டு கோளாறு உள்ளவர்களும் வைத்தியரைக் கலந்து, அவசியமானால் மாத்திரையாகப் பெறலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. அயோடின் மிகுந்தாலும் சிசுவின் சுரப்பி தடுமாறும். காயத்திற்கிடும் அயோடின் மருந்தை வைத்தியர் சொல்லாமல் சிசுவின் தொப்புளில் பூசுவது கூடாது. ஒரு வயது நிறையும் வரை சிசுவின் உணவில் தனியே உப்புச் சேர்க்கவும் வேண்டாம்.

தாய்மார்களே, மாமியார்மார்களே! அடுத்த முறை உப்பு வாங்குகையில் உறையின்மேல் ஒரு கணம் கண்ணோட்டம் செலுத்துங்கள். தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய உபகாரங்களில் இதைப்போல் எளியது வேறொன்றிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.