பிள்ளையின் நோய்க்குத் தாய் குற்றவாளியா?



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் சந்திக்கும் தாய்மார் சிலர், கழுத்து நிற்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: "வயித்தில இருக்கேக்க செல்லடிக்குப் பயந்து ஓடினனான். அதாலயோ?" சிலருக்குப் புகுந்த வீட்டில் கிடைத்த பதில், "உன்ர ராசி" என்பதே.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. பிறக்கும்போது மூச்சுத் திணறியிருக்கலாம். மூளைக் காய்ச்சல் வந்திருக்கலாம். பரம்பரையாகவும் வரலாம். அப்படியான ஒன்றை இம்மாதம் அறிந்துகொள்வோம்.

எமது உடற்கலங்களுக்குள் கழிவைச் சிதைக்கும் நுண்ணிய பைகள் உண்டு. பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டுவே 1955 இல் அவற்றுக்கு லைசோசோம் எனப் பெயரிட்டார். அவை வேலை செய்தால் மட்டும் போதாது. உரிய இடத்துக்குப் போகவும் வேண்டும். முள்ளந்தண்டிலிருந்து பாதம் நோக்கிச் செல்லும் நரம்பிழை ஒரு மீற்றர் வரை நீளக்கூடியது. குப்பை வண்டி பிரதான வீதியிலேயே நின்றுவிட்டால் ஒழுங்கையின் கடைசி வீட்டுக் குப்பை என்னவாகும்?

அந்த வண்டியை நகர்த்துவது 'போர்க்' எனப்படும் எட்டுப் புரதங்களின் கூட்டு. அதில் எட்டாவது புரதத்துக்கான பரம்பரையலகு பழுதடைந்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி 2024 இல் ஆய்வாளர்கள் எழுதினர். அவர்கள் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே உடல் தளர்ச்சி, கைகால் இறுக்கம், பார்வை நரம்புப் பாதிப்பு, கடுமையான வளர்ச்சிப் பின்னடைவு ஆகியன அவர்களிடம் காணப்பட்டன. இது மிக அரிதான நோய்.

இந்நோய் வர, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் சேரவேண்டும். ஒன்று மட்டும் உள்ளவர் சுகதேகி. தன்னிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சான், மச்சாள் முறையில் சொந்தத்துக்குள் மணம் முடித்தவர்களிடம் இது கூடுதலாக நேரலாம். செல்லடிக்கும் ராசிக்கும் இதில் இடமில்லை. தாயின் பங்கு எவ்வளவோ தந்தையின் பங்கும் அவ்வளவே.

பிள்ளைக்கு இப்படியான குறைபாடு இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னரே கிளினிக் வைத்தியரிடம் மரபியல் ஆலோசனை பற்றிக் கேளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு உண்டு. குடும்பத்தில் சிறுவயதில் இறந்த பிள்ளைகளின் விபரத்தையும் மறைக்காமல் கூறுங்கள். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

இந்நோயை மாற்ற மருந்து இல்லை. ஆனாலும் உடற்பயிற்சிச் சிகிச்சை மூட்டுகள் இறுகாமல் காக்க உதவும். நிமிர்த்தி வைத்து உணவூட்டினால் புரையேறுவது குறையும். பழியைச் சுமக்கும் பலத்தை பிள்ளையைச் சுமக்க வைத்திருங்கள், சகோதரிகளே.