இரண்டு கூலர்கள்

ஏப்ரல் பிறந்தால் தில்லித் தமிழர் வீடுகளில் தவறாமல் நடக்கும் காரியம் ஒன்று உண்டு. பால்கனியில் நிற்கும் கூலரைத் திறந்து, போன வருடத்துப் புல்லை எறிந்துவிட்டுப் புதுப் புல் வைப்போம். பம்பு ஓடுகிறதா என்று பார்ப்போம். மோட்டாருக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுவோம். ஊரிலிருந்து வந்த புதிதில் நமக்கு இதெல்லாம் தெரியாது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

அதே வீட்டில் இன்னொரு கூலரும் இருக்கிறது. மேஜைக் கம்ப்யூட்டரின் பெட்டிக்குள், பிராசஸரின் தலைமேல் சுழலும் சின்ன மின்விசிறியும் அதன் அடியில் உள்ள அலுமினியத் தகடுகளும்தான் அது. வாங்கிய நாள்முதல் அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. இந்த ஒரு அலட்சியத்தால் நல்ல கம்ப்யூட்டர்களைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2018-இல் மகளின் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதில் இருந்தது ரைஸன் 3 1200 என்ற பிராசஸர். 2024 மே மாதம், மதிய வேளைகளில் அது தானாக அணையத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக ஓடும். லூ வீசும் நேரத்தில் பத்து நிமிடம் தாங்காது. கடைக்குத் தூக்கிப் போனேன். பெட்டியைத் திறக்காமலே, மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார்கள். நானும் பணத்துக்கு வழி பார்க்கத் தொடங்கினேன். "எறியத்தானே போகிறோம், ஒரு தடவை திறந்து பார்க்கலாமே அப்பா" என்றாள் மகள்.

திறந்தோம். ஆறு வருடத்து ஆந்திப் புழுதி, தகடுகளுக்கு நடுவே தலையணைப் பஞ்சு போல அடைந்திருந்தது. பிராசஸருக்கும் தகட்டுக்கும் இடையே தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகியிருந்தது. விசிறி முக்கிமுனகிச் சுற்றியது. மதர்போர்டுக்கு ஒரு குறையும் இல்லை.

நடந்தது இதுதான். அந்தப் பிராசஸர் 65 வாட் வகை. பழைய குண்டு பல்பின் சூடு முழுவதும் தீப்பெட்டி அளவுள்ள இடத்தில் எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது அறையின் காற்று. அறை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏறினால், பிராசஸரின் சூடும் ஏறக்குறைய அந்த 20 டிகிரி ஏறும். சுமார் 95, 100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். "கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது, மெதுவாக ஓடுகிறது" என்று நாம் சொல்வதில் பாதி இந்தச் சூடுதான்.

மின்சாரத்தைத் துண்டித்தோம். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டோம். விசிறி சுழன்றுவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு புழுதியை ஊதினோம். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தோம். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, புது விசிறி ஒன்று. செலவு சில நூறு ரூபாய். அந்தக் கோடை முழுவதும் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை.

அடுத்த சோதனை 2025-இல் வந்தது. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு அவர்கள் வெளியிட்ட பட்டியலில் எங்கள் பிராசஸர் இல்லை. மறுபடியும் எல்லோரும் புதிது வாங்கச் சொன்னார்கள். ஆனால் எங்கள் மதர்போர்டில் இருந்தது ஏஎம்4 என்ற சாக்கெட். 2017-இல் வந்த முதல் ரைஸன் தொடங்கி 5000 வரிசை வரை அதே சாக்கெட்டுதான். ரைஸன் 5 5600 ஒன்றை வாங்கி மாற்றினோம். நான்கு கோர் இருந்த இடத்தில் ஆறு. மற்றதெல்லாம் பழையதே. பயாஸில் டிபிஎம் வசதியை இயக்கியதும் விண்டோஸ் 11 ஏறிவிட்டது.

இதில் வரிசை முக்கியம். மதர்போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் பட்டியலில் புதுப் பிராசஸர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். கூலரைக் கழற்றுமுன் சற்று நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அணைத்து, இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மெல்லத் திருகி எடுக்க வேண்டும். காய்ந்த பேஸ்ட்டோடு வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து வந்துவிடும், கால்கள் வளையும். மூலையிலுள்ள பொன்நிற முக்கோணம் சாக்கெட்டின் குறியோடு பொருந்தினால் பிராசஸர் தானாக உட்காரும். அழுத்தவே கூடாது.

எல்லா இடத்திலும் இது பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைப் பலகையில் 8-ஆம் தலைமுறைப் பிராசஸரை வைத்தால் ஓடாது. சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான், பலகையின் சிப்செட் வேறு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் பிராசஸரைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அங்கே புழுதி தட்டிப் பேஸ்ட் மாற்றுவதோடு சரி.

"கடையில் கொடுத்தால் ஆகிற வேலைக்கு நாம் ஏன் கையை அழுக்காக்க வேண்டும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். திறந்து பார்க்கத் தெரியாதவனிடம் எதையும் சொல்லி விற்கலாம் என்பது முதல் பதில். இரண்டாவது பதில் யமுனைக்கு அக்கரையில், சீலம்பூரில் இருக்கிறது. நாம் எறியும் பலகைகளை நெருப்பிலும் அமிலத்திலும் இட்டு வெறுங்கையால் செம்பு பிரித்துப் பிழைக்கும் ஏழைகள் அங்கே இருக்கிறார்கள். மின்கழிவுக்குத் தயாரிப்பாளர்களைப் பொறுப்பாக்கும் 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆனால் காயலான் வண்டியில் நாம் ஏற்றிவிடும் பெட்டி எங்கே போகிறது என்று நம்மில் யார் கேட்கிறோம்?

நம் தகப்பன்மார் ஸ்கூட்டரின் ப்ளக்கைத் தாங்களே கழற்றித் துடைத்தவர்கள். ப்யூஸ் போனால் எலெக்ட்ரீஷியனுக்குக் காத்திருந்ததில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு பெட்டியைத் திறந்து பிராசஸரைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? கற்றுக்கொள்ள முடியாததால் அல்ல, திறக்கலாம் என்று யாரும் சொல்லாததால்தான்.

எனவே ஒரு யோசனை. வருகிற ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோடைக்கு முன்பாக, சங்க வளாகத்தில் நான்கு மேஜை போடலாம். விரும்பும் குடும்பத்தார் தங்கள் கம்ப்யூட்டரைக் கொண்டு வரட்டும். ஸ்க்ரூ டிரைவரும் பேஸ்ட்டும் நான் கொண்டு வருகிறேன். வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும், பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் போதும். செயற்குழு யோசித்து நாள் குறிக்க வேண்டுகிறேன்.

அதுவரை, இந்த வருடம் பால்கனிக் கூலருக்குப் புல் மாற்றும் அன்றைக்கே உள்ளே இருக்கும் கூலரையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.