நான்கு வாரத்தில் என்ன கற்கலாம்?

சென்ற வாரம் வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் என் மேசையை விட்டு அகலவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகளொருத்தியின் தாயார் எழுதியது அது. மகளுக்கு நாடகமும் திரைப்படமுமே மூச்சு. ஐரோப்பாவிலே கோடைகாலத்தில் நான்கு வாரம் படக்கலை பயிற்றும் வகுப்பொன்றுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். “தகப்பனார் வாய் திறக்கவில்லை. என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாவது அனுப்பலாமா? அல்லது இது வெறும் ஊர் பார்க்கும் செலவுதானா?” என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

கேள்வி நேர்மையானது. பதிலும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

பிராக் நகரை உதாரணமாகக் கொள்வோம். செக் நாட்டின் தலைநகராகிய அங்கே, வல்ட்டாவா ஆற்றங்கரையிலே, தேசிய நாடக அரங்கு நிற்கிறது. பொதுமக்கள் காசு சேர்த்துக் கட்டியது அது. 1881ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே திறக்கப்பட்டு, ஓகஸ்ட் மாதத்திலே தீக்கிரையாயிற்று. மக்கள் சோர்ந்துவிடாமல் மறுபடியும் பணம் திரட்டினார்கள். 1883இலே மீண்டும் திரை உயர்ந்தது. அந்த அரங்கின் எதிரிலேதான் ‘ஃபாமு’ எனப்படும் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. 1946இல் தொடங்கப்பெற்ற இது, நாடகம், இசை, திரைப்படம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பீடங்கள் கொண்ட கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகும்.

இங்கே பயின்றவர்களுள் ஒருவர் யிரி மென்சல். 1966இலே அவர் எடுத்த முதல் முழுநீளப் படம், போர்க்காலத்திலே சிறியதொரு புகையிரத நிலையத்தில் வேலை பழகும் இளைஞனைப் பற்றியது. 1968இலே அப்படத்துக்கு, பிறமொழிப் படத்துக்குரிய ஒஸ்கார் பரிசு கிடைத்தது. ஆனால் மென்சல் அங்கே பயின்றது ஒரு கோடைகாலமன்று, பல ஆண்டுகள். இதனை மகள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அப்படியாயின் நான்கு வாரத்தில் என்னதான் கிடைக்கும்? பட்டம் கிடையாது. தொழிலும் கிடையாது. கிடைப்பது ஒரு பழக்கம்.

இத்தகைய வகுப்புகள் சிலவற்றிலே இன்றும் பழைய 16 மில்லிமீற்றர் படச்சுருளைக் கொண்டு பயிற்சி அளிக்கிறார்கள். நூறடிச் சுருளொன்று விநாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடினால், ஏறக்குறைய இரண்டேமுக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். கைத்தொலைபேசியிலே நாள் முழுவதும் படம் பிடித்துப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. எடுத்ததை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வழியில்லை. ஆகவே நடிகரை எங்கே நிறுத்துவது, வெளிச்சம் எப்பக்கமிருந்து விழுவது, எந்த வார்த்தையோடு காட்சியை முடிப்பது என்பனவற்றை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பலமுறை ஒத்திகை பார்த்த பின்னரே கமராவை ஓடவிட வேண்டும். இன்று தன் கதையை இயக்குபவள், நாளை இன்னொருவரின் கதைக்காக விளக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். குறித்த நாளிலே வேலையை முடித்துக் காட்டவும் வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நான்கு வாரம் வீணன்று.

இனிச் செலவைப் பற்றி. வகுப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடலாகாது. விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு, ஷெங்கன் விசா, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி ஆகிய அனைத்தையும் ஒரு தாளிலே எழுதிக் கூட்டிப் பாருங்கள். சேமிப்பிலிருந்து கொடுக்க இயலுமாயின் அனுப்புங்கள். சங்கிலியை அடகு வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், வேண்டாம் சகோதரி. கோடை அடுத்த ஆண்டும் வரும். கடன் தலைமேல் இருக்கும் வீட்டிலிருந்து போகும் பிள்ளை, கற்பதற்குப் பதிலாக வட்டியை நினைத்துக் கலங்கிக்கொண்டிருக்கும்.

அனுப்பினாலும் நிறுத்தினாலும், மகள் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. நம் நாட்டு வரலாற்றிலிருந்தே அதைச் சொல்கிறேன்.

பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1955ஆம் ஆண்டிலே ஜப்பானுக்குச் சென்று, நோ, கபுக்கி ஆகிய நாடக வகைகளை நேரிலே கண்டார். திரும்பி வந்து 1956இலே ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். ஆனால் அது ஜப்பானிய நாடகமன்று. நமது கூத்தோடு உறவுடைய ‘நாடகம’ என்னும் சிங்கள மரபிலே அமைந்தது. போகுமுன்பே அம்மரபை ஆராய்ந்திருந்தவர் அவர். ஆகையினால், வெளிநாட்டிலே கண்டது எதற்குப் பயன்படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்ததற்கும் ‘மனமே’யின் வெற்றி ஒரு தூண்டுகோலாயிருந்தது.

ஆகவே மகளுக்கு ஒரு வார்த்தை. பிரயாணப் பெட்டியைக் கட்டுமுன், வடமோடிக் கூத்தொன்றை விடியும்வரை இருந்து பார். இயலுமாயின் அண்ணாவியார் ஒருவரிடம் நாலு தாளத்துக்கு ஆடிப் பழகு. பின்னர் உன் தெருவிலே, உனக்குத் தெரிந்த மனிதரைப் பற்றி, மூன்று நிமிடத்தில் முடியும் கதையொன்றை ஒரே பக்கத்தில் எழுது. மென்சலுக்கு ஒரு சிறு புகையிரத நிலையம் போதுமானதாயிருந்தது. உனக்கு உன் ஊர்ச் சந்தி போதாதா?

தகப்பனாருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தை வாங்கி நீங்களே முதலில் வாசியுங்கள். வாசித்தபின் பேசுங்கள். அவள் போனாலும் இங்கேயே இருந்தாலும், படம் முடிந்ததும் மூவரும் கூடிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.